தெற்கு வாசலில் இறக்கிவிடுங்கள்: சீனச் சுற்றுலா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து சீனாவுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தைச் சேர்ந்தவள். 31 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றேன். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே தறி வீடுகள். சென்ற ஆண்டு செப்டம்பர் கடைசியில் நானும் என் கணவரும் எட்டு நாள் குழுச் சுற்றுலாவில் பெய்ஜிங், சியான், ஷாங்காய் மூன்றும் போய்வந்தோம். எங்களை அழைத்துப்போன நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. திரும்பி வந்த பிறகு, வேறு நிறுவனங்களோடு போய்வந்த உறவினர்களையும் பழைய சக ஆசிரியர்களையும் விசாரித்தேன். சியானில் அவர்களுக்குக் கிடைத்த பகலும் ஏறக்குறைய எங்களுடையது போலத்தான்: கடைகளுக்கு நிறைய நேரம், பார்க்கப் போன இடங்களுக்குக் கொஞ்ச நேரம். அதனால் இதை ஒருவர்மீது வைக்கும் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. பெருஞ்சுவரில் முழுதாக மூன்று மணி நேரம் கொடுத்தீர்கள். மூச்சு வாங்கியவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம், யாரும் விரட்டவில்லை. விடுதிகள் சுத்தம். எட்டு நாளில் ஐந்து நாள் தயிர் சாதம் கிடைத்தது. பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு அதிவேக ரயில். சுமார் 1,200 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடந்ததை என் கணவர் இன்னமும் தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு மனத்தாங்கல் ஒரே ஒரு நாளில்தான். சியான் நாள்.

அந்த நாளுக்காகத்தான் நான் பணம் கட்டினேன். கையில் கொடுத்திருந்த தாளில் அன்றைக்கு அச்சாகியிருந்தது இது: காலை உணவு, உலகப் புகழ்பெற்ற சுடுமண் படைவீரர்கள், பெரிய காட்டுவாத்துக் கோபுரம், பழைய நகரச் சுவர், இரவு உணவு. அந்த வரிசையைப் பார்த்து, ஒரு பகலுக்கு இது நிறைவு என்று நினைத்தேன்.

காலை எட்டு மணிக்குப் பஸ் கிளம்பியது. எட்டே முக்காலுக்கு ஒரு பட்டறையில் நின்றது. சுடுமண் வீரர்களைப் போலவே சிறிதும் பெரிதுமாகப் பொம்மைகள் செய்து விற்கும் இடம். முதல் பதினைந்து நிமிடம் உண்மையிலேயே பயன்பட்டது. கால் கெட்டியாக, உடம்பு உள்ளே வெற்றிடமாக, தலையும் கையும் தனியாகச் செய்து பொருத்தியிருப்பதை அங்கே அச்சுகளை வைத்துக் காட்டினார்கள். பிறகு எங்களைப் பக்கத்துக் கூடத்துக்கு விட்டார்கள். மெருகு பூசிய அலமாரி, நாற்காலி, மடக்குத் தட்டி. ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தோம்.

அடுத்தது பட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நம்புகிறேன். பட்டுப்புழுவின் இரட்டைக் கூட்டைத் தண்ணீரில் போட்டுப் பிரித்து, ஒரு சின்ன வில்லில் மாட்டி, அதை எடுத்துப் பெரிய வில்லுக்கு மாற்றினார்கள். கடைசியில் நான்கு பெண்கள் நான்கு மூலையைப் பிடித்து இழுக்க, கையகலப் பஞ்சு கட்டில் அகலத்துக்கு மேகம் மாதிரி விரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. இரண்டு புழு சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். ஒற்றை நூலாக இழுக்க வராது. அதனால்தான் அது ரஜாய் என்கிற பஞ்சடைத்த போர்வைக்குப் போகிறது. நூலாக வருவது தறியில் நெடுக்கே ஓடும் பாவுக்கும் குறுக்கே ஓடும் ஊடைக்கும் வருகிறது. எங்கள் ஊர்த் தறிகளுக்குச் சீனப் பட்டு நூல் வந்த காலம் உண்டு. நூல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் சீனாவைப் பற்றிய பேச்சு அடிபடும். அர்த்தசாஸ்திரத்திலேயே சீனப் பட்டு என்று பெயர் இருக்கிறது. அந்தப் பட்டின் தாய்வீட்டில் நிற்கிறேன் என்கிற நினைப்பில், அரை மணி நேரம் கொடுத்தாலும் எனக்குப் போதாது என்றுதான் இருந்தது.

ஆனால் அந்த நான்கு பெண்களிடம் ஒரு கேள்வி கேட்கக்கூட நேரம் இல்லை. செய்முறை பத்து நிமிடம். மீதி ஒன்றேகால் மணி நேரம் விற்பனைக் கூடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருவர் ஒட்டிக்கொண்டார். வெளியே போகும் வழி முழுக்கக் கூடத்தைச் சுற்றித்தான் போனது. என் கணவர் முழங்கால் வலியோடு உட்கார இடம் தேடினார். ரஜாய் விரித்திருந்த கட்டிலைத் தவிர வேறு இடம் இல்லை.

கடைக்குப் போவதற்கு முன்னால் பஸ்ஸில் உள்ளூர் வழிகாட்டிப் பெண் மைக்கை வைத்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். "தயவுசெய்து நாற்பது நிமிடமாவது உள்ளே இருங்கள். சீக்கிரம் வெளியே வந்தால் என்னைக் கேட்பார்கள்." அவ்வளவு தெளிவான ஆங்கிலத்தில், அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

ஏனென்றால் இந்த ஏற்பாட்டை நான் எங்கள் ஊரிலேயே பார்த்து வளர்ந்தவள். ஏகாம்பரநாதரைப் பார்க்க வந்த வெளியூர்க்காரரை ஆட்டோக்காரர் முதலில் பட்டுக்கடை வாசலில் இறக்குவார். கோயில் நடை சாத்த இன்னும் அரை மணிதான் இருக்கிறது என்று அந்த மனிதர் தவிப்பார். கடையில் அவர் வாங்கும் சேலையில் ஆட்டோக்காரருக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு கடைசியில் சேலை விலையில் ஏறும், அல்லது நெய்தவர் கூலியில் குறையும். கைலாசநாதர் கோயிலைப் பார்க்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். எங்கள் ஊருக்கு வந்தவருக்கு அது நடக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். சியானில் அதே இடத்தில் நான் நின்றேன்.

பிறகு சாப்பாட்டுக்காக நகரத்துக்குள் வந்தோம், இந்திய உணவகத்துக்கு. மறுபடியும் கிழக்கே முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர். சுடுமண் படை இருக்கும் லிந்தோங் பகுதியில் பஸ் நின்றபோது மணி 2.20. நுழைவு அங்கே பாஸ்போர்ட் எண்ணை வைத்துத்தான். குழுவில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார், அதற்காகக் காத்திருந்தோம். 2.40க்கு உள்ளே போனோம். நான்கே கால் மணிக்குப் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. போகவும் வரவும் நடக்கிற நேரத்தையும் கழிவறை வரிசையையும் கழித்தால், குழிகளுக்குள் நான் நின்றது ஐம்பது நிமிடம்கூட இல்லை. கடைகளில் இருந்தது இரண்டரை மணி நேரத்துக்கு மேல்.

அந்த ஐம்பது நிமிடத்தில் என்ன இருந்தது என்று சொன்னால்தான், விடுபட்டது என்ன என்று உங்களுக்குப் புரியும்.

1974 மார்ச்சில், மழை பொய்த்த காலத்தில், அந்தப் பகுதி விவசாயிகள் கிணறு தோண்டினார்கள். மண் பொம்மைத் துண்டுகள் வந்தன. அந்தக் கிணறு இருந்த இடம் முதல் குழியின் தென்கிழக்கு மூலையில் ஒரு பலகையோடு இருக்கிறது. அதைத் தாண்டித்தான் எல்லாரும் கூட்டத்தோடு கூட்டமாகப் போகிறார்கள்; நாங்களும் போனோம். முதல் குழி 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். உள்ளே சுமார் ஆறாயிரம் வீரர்களும் குதிரைகளும் இருப்பதாகக் கணக்கு. ஆயிரத்துக்குச் சற்று மேல்தான் ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். எஞ்சியவர்கள் இன்னும் மண்ணுக்குள்ளும் துண்டுகளாகவும்தான் இருக்கிறார்கள். முதல் பார்வையில் தெரிவது அணிவகுப்பு. குழியின் பின்பக்கம் போனால் வேறு காட்சி: தலையில்லாத உடம்புகள், பிளாஸ்டிக் தாள் சுற்றிய கால்கள், எண் எழுதிய துண்டுகள். ஆஸ்பத்திரி வார்டு போலிருக்கும். அங்கே உட்கார்ந்து ஒரு துண்டை இன்னொரு துண்டோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டேன். தறியில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போடும் என் அம்மாவின் முதுகு மாதிரியே இருந்தது அவள் முதுகு. அங்கேயே நிற்க ஆசைப்பட்டேன். வழிகாட்டியின் கொடி நகர்ந்துவிட்டது.

சின் ஷி ஹுவாங் பதின்மூன்று வயதில் சின் நாட்டு அரியணை ஏறியவர், கி.மு. 221இல் மற்ற ஆறு நாடுகளையும் அடக்கிச் சீனாவின் முதல் பேரரசர் ஆனவர். கி.மு. 210இல் இறந்தார். இந்தப் படை அவருடைய கல்லறைக்குக் காவல். ஒவ்வொரு முகமும் வேறு வேறு என்பது எல்லாரும் சொல்வது. நேரில் பார்க்கும்போது அது தகவலாக இருப்பதில்லை. ஒருவர் உங்களை முறைக்கிறார், அடுத்தவர் எதையோ மறந்தவர் போல நிற்கிறார். சில உருவங்களின் உடம்பில் செய்த குயவரின் பெயர் பொறித்திருக்கிறது. வேலையில் குறை இருந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக அரசு வைத்த அடையாளம் அது. ஆனால் அதனாலேயே, மன்னர் பெயரோடு மண் பிசைந்தவர் பெயரும் 2,200 ஆண்டு தாண்டி வந்திருக்கிறது. காஞ்சிப் பட்டில் நெய்தவர் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

அவர்கள் அன்று வண்ணத்தோடு நின்றவர்கள். செம்மை, பச்சை, ஊதா. மரப்பாலில் செய்த மெருகை முதலில் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மண்ணிலிருந்து எடுத்த சில நிமிடங்களிலேயே உலர்ந்த காற்று பட்டு மெருகு சுருண்டு வண்ணத்தோடு உதிர்ந்துவிடும். அதைக் காப்பாற்றும் வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டே மெதுவாகத் தோண்டுகிறார்கள். பேரரசரின் கல்லறை மேடு இன்னும் திறக்கப்படவே இல்லை. அதற்குள் பாதரசத்தால் ஆறுகளும் கடலும் செய்து ஓட விட்டிருந்ததாகச் சுமார் நூறாண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான் குறிப்பிடுகிறார். அந்த மேட்டின் மண்ணைச் சோதித்தபோது பாதரச அளவு அதிகமாகவே இருந்திருக்கிறது. முழுதும் தெரிந்துகொள்ளும் அவசரம் அவர்களுக்கு இல்லை. இந்தப் பொறுமையை மாணவர்களுக்குக் காட்டத்தான் ஓர் ஆசிரியர் இங்கே பிள்ளைகளை அழைத்து வர வேண்டும்.

எங்கள் குழுவில் ஒரு பையன் இருந்தான், ஐந்தாம் வகுப்பு. என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "டீச்சர், ஏன் இவங்க எல்லாரும் ஒரே பக்கம் பாக்குறாங்க?" எத்தனை நல்ல கேள்வி. அவர்கள் பார்ப்பது கிழக்கே. சின் நாடு மேற்கில் இருந்தது. அது வென்ற நாடுகள் எல்லாம் கிழக்கே இருந்தவை. செத்த பிறகும் பகை அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று நினைத்திருக்கலாம். "கிழக்குப் பக்கம்தாண்டா கண்ணு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். ஓடாமல் என்ன செய்வார்? கொடி வாசலுக்குப் போய்விட்டது.

இரண்டாம் குழியில் கண்ணாடிப் பேழைக்குள் மண்டியிட்ட வில்லாளி இருக்கிறார். பெரும்பாலானவர்கள் துண்டு துண்டாகக் கிடைத்தபோது இவர் ஏறத்தாழ முழுதாகக் கிடைத்தவர். எல்லாரும் முகத்தைப் படம் எடுக்கிறார்கள். பின்பக்கம் போய்க் கீழே பாருங்கள். மடக்கிய வலது காலின் செருப்பு அடிப்பகுதி தெரியும். அதில் தைத்த தையல் புள்ளிகள் இருக்கின்றன. விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கமாக, நடுவில் இடைவிட்டு. எங்கே தேயுமோ அங்கே நெருக்கித் தைக்க வேண்டும் என்பது செருப்புத் தைக்கிறவருக்குத் தெரியும். அதைப் பார்த்து மண்ணில் செய்தவருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே மண்ணுக்குள் வைக்கப் போகிற உருவத்தின் உள்ளங்காலில் அதைக் குத்திக் குத்தி வைத்திருக்கிறார். அந்தப் பேழையின் முன் எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

கிடைக்காததையும் சொல்கிறேன். 1980இல் கல்லறை மேட்டுக்கு அருகில் கிடைத்த இரண்டு வெண்கலத் தேர்கள். அசலில் பாதி அளவு, ஒவ்வொன்றுக்கும் நான்கு குதிரைகள், ஒரு தேரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்கள். அவை இப்போது லிஷான் பூங்காவில் தனிக் காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சுடுமண் வீரர்களுக்கான 120 யுவான் நுழைவுச்சீட்டிலேயே அதுவும் அடக்கம். அங்கிருந்து போக இலவசப் பஸ்ஸும் ஓடுகிறது. எங்கள் பெயரில் வாங்கிய சீட்டில் பாதி பயன்படாமலே குப்பைக்குப் போனது. வெளியே வரும் வழியில் மாதுளை விற்றார்கள். லிந்தோங் மாதுளைக்குப் பேர்போன ஊர், அதுதான் பருவம். என் கணவர் முதல் குழிக்குப் பிறகு நடக்க முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு பழம் வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். உள்ளே பாட்டரி வண்டி ஓடுகிறது என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

இனி நான் இந்த மடலை எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் வரலாறு படித்த எந்தப் பிள்ளைக்கும் யுவான் சுவாங்கைத் தெரியும். நான் 31 வருடம் அவரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். சியானின் பழைய பெயரான சாங்கானிலிருந்து புறப்பட்டு, பாலைவனம் தாண்டி, நாளந்தாவில் படித்து, கி.பி. 640 வாக்கில் எங்கள் ஊருக்கு வந்தவர். முதலாம் நரசிம்மவர்மன் ஆண்ட காலம். வாதாபி விழுவதற்குக் கொஞ்சம் முன்னால். காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட விகாரங்களும் பத்தாயிரம் பிக்குகளும் எண்பது தெய்வக் கோயில்களும் இருந்ததாக எழுதிவைத்தார். இங்குள்ளவர்கள் கல்வியை மதிப்பவர்கள் என்று எழுதினார். காஞ்சியிலிருந்து இலங்கைக்குப் போக நினைத்தார். அங்கிருந்து வந்த பிக்குகள் நாட்டில் குழப்பமும் பஞ்சமும் என்று சொன்னதால் போகவில்லை. கடலைத் தாண்டாமல் எங்கள் ஊரிலிருந்து வடக்கே திரும்பினார்.

இன்னும் ஒன்று. அவருக்கு நாளந்தாவில் பாடம் சொன்னவர் சீலபத்திரர். சீலபத்திரரின் குரு தருமபாலர். அந்தத் தருமபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்பதை யுவான் சுவாங்கே எழுதியிருக்கிறார். சீனாவுக்குத் திரும்பிய பிறகு அவர் தொகுத்த, யோகாசாரம் என்கிற பௌத்தத் தத்துவப் பிரிவின் நூல் பெரும்பாலும் தருமபாலரின் விளக்கத்தைத்தான் பின்பற்றுகிறது. எங்கள் தெருக்களில் நடந்து பழகிய ஒருவரின் சிந்தனை, சீனத்தில் படிக்கப்பட்டு, அங்கிருந்து கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போயிருக்கிறது.

கி.பி. 645இல் 657 நூல்களோடு சாங்கானுக்குத் திரும்பினார் யுவான் சுவாங். அவர் கொண்டுவந்த சுவடிகளைப் பாதுகாக்க 652இல் கட்டியதுதான் பெரிய காட்டுவாத்துக் கோபுரம். இன்று ஏழு நிலை, 64 மீட்டர் உயரம். தெற்கு வாசலில், அவருடைய மொழிபெயர்ப்புக்காகத் தாங் பேரரசர்கள் இருவர் எழுதிய முன்னுரைகள் கல்லில் வெட்டி நிறுத்தியிருக்கின்றன. கோயில் வாசல் தெற்கே. கையில் கோலோடு நிற்கும் அவர் சிலையும் தெற்குச் சதுக்கத்தில்தான்.

எங்கள் பஸ் நின்றது வடக்குச் சதுக்கத்தில். அங்கே இசைக்கு ஆடும் நீரூற்று இருக்கிறது. "இருபது நிமிடம், போட்டோ மட்டும்" என்றார் உடன் வந்த மேலாளர். மணி ஆறு ஆகப்போகிறது. நான் பத்து நாள் முன்னாலேயே பையில் வைத்திருந்தது ஒரு சின்னப் பொட்டலம்: எங்கள் வீட்டு முற்றத்து மண்ணும், முந்தி நெய்து மிஞ்சிய இரண்டு முழம் மஞ்சள் பட்டு இழையும். அந்தச் சிலையின் காலடியில் ஓரமாக வைத்துவிட்டு வரலாம் என்று. அவர் வந்துபோன ஊரிலிருந்து நான் வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தெரிந்த வழி அதுதான். தெற்குச் சதுக்கத்துக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "முடியாது அம்மா" என்றாள். அம்மா என்ற சொல்லை எங்கள் குழுவிடம் கற்றுக்கொண்டிருந்தாள். கோபுரத்தின் முதுகைப் பார்த்தபடி இருபது நிமிடம் நின்றேன். பொட்டலம் திரும்பக் காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டது.

நகரச் சுவரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மிங் காலத்தில், 1370களில் எழுப்பிய சுவர். கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர் சுற்றளவு. மேலே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும் என்றார்கள். முஸ்லிம் தெருவும் பெரிய பள்ளிவாசலும் "நேரமில்லை" என்று விடப்பட்டன. ஆனால் இரவு தனிக் கட்டண நடன நிகழ்ச்சிக்கு மட்டும் நேரம் இருந்தது. போகாதவர்கள் பஸ்ஸிலேயே காத்திருந்தோம்.

இது சீனச் சட்டத்துக்கே பொருந்தாத நடைமுறை என்பதை வந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 2013 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது: நியாயமில்லாத குறைந்த விலை காட்டி ஆள் சேர்த்து, கடைகளிலும் தனிக் கட்டண நிகழ்ச்சிகளிலும் கமிஷன் வாங்கி ஈடுகட்டக் கூடாது. குறிப்பிட்ட கடைக்கு அழைத்துப் போகக் கூடாது. பயணிகளோடு பேசி ஒப்புக்கொண்டால், அல்லது பயணியே கேட்டால், அதுவும் மற்றவர்களின் பயணத்தைப் பாதிக்காவிட்டால் மட்டுமே விதிவிலக்கு. மீறினால், பயணம் முடிந்து 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. வழிகாட்டிக்கு உரிய ஊதியத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்களிடம் யாரும் பேசவில்லை, நாங்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை. தாளில் கடை என்ற சொல்லே இல்லை.

எங்கள் பங்கையும் மறைக்க மாட்டேன். பணம் கட்டும்போது நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "இதுல எவ்ளோ குறைப்பீங்க?" என்பதுதான். குறைத்ததை நீங்கள் எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும். எங்கள் பகலிலிருந்து எடுத்தீர்கள். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் எங்களில் பலர் கூடுதலாகக் கட்டியிருப்போம். ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, எழுபத்தொரு வயது, அன்றிரவு விடுதி நடையில் என்னிடம் சொன்னார்: "அந்த ரெண்டு கடைக்குப் பதிலா எங்கிட்டயே காசு கேட்டிருக்கலாமே, குடுத்திருப்பேனே."

ஆகவே கேட்கிறேன். கடைக்கு அழைத்துப் போவதாக இருந்தால் தாளில் எழுதுங்கள். எந்தக் கடை, எத்தனை நிமிடம் என்று. போகாத விலை என்ன, போகும் விலை என்ன என்று இரண்டையும் போடுங்கள். நாங்கள் தேர்ந்துகொள்கிறோம். ஒவ்வோர் இடத்துக்கும் நேரே, வாசலுக்குள் இருக்கப் போகும் நேரத்தை அச்சிடுங்கள். வழிகாட்டியின் சம்பளத்தை எங்கள் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்தப் பெண் நாற்பது நிமிடத்துக்காக யாரிடமும் கெஞ்சக் கூடாது.

சியானுக்கு ஒரு முழுப் பகல் போதாது, இரண்டு வேண்டும். காலை முதல் வேலையாக லிந்தோங் போங்கள், கூட்டமும் குறைவாக இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நகரத்துக்குத் திரும்பாமல் அங்கேயே பாருங்கள். சுத்த சைவக்காரர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள், சிரமம் புரிகிறது. மற்றவர்களுக்கு சியானின் லியாங்பி இருக்கிறது: புளிக்காடியும் மிளகாய் எண்ணெயும் ஊற்றிய குளிர்ந்த பட்டை நூடுல்ஸ். அன்றிரவு விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் நான்கு பேர் நாங்களாகவே போய்ச் சாப்பிட்டோம். எட்டு நாளில் வேறு எதுவும் அதற்கு ஈடாகவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் யார் யார் என்று முன்பே கேட்டு, பாட்டரி வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வருகிறது. அதை ஒட்டிக் குழுக்களைச் சேர்க்கிறீர்கள். அக்டோபர் முதல் தேதி சீனத் தேசிய நாள். அந்த வாரம் முழுக்க அவர்களுக்கும் விடுமுறை, நாடே கிளம்பிவிடும். நாங்கள் மூன்று நாள் முன்னால் முடித்ததால் தப்பித்தோம். அந்த வாரத்தில் வயதானவர்களை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

என் கணவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக நடக்கிறார். எங்கள் தெருவில் பதினொரு பேர் அடுத்த ஏப்ரலில் வருவதாக இருக்கிறோம். அதில் ஏழு பேர் தறிக்காரர்கள். பட்டுக்கடைக்கும் வருகிறோம், ஆனால் அந்த நான்கு பெண்களோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரமும் மொழிபெயர்க்க ஒருவரும் வேண்டும். அதற்கு என்ன ஆகுமோ கேளுங்கள், கொடுக்கிறோம். உங்களில் யார் அந்த நாளை இப்படி எழுதித் தருகிறீர்களோ அவர்களோடு கிளம்புவோம்.

பொட்டலம் பூஜை அலமாரியில் அப்படியே இருக்கிறது. எங்களைத் தெற்கு வாசலில் இறக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்